கேட்கக் கற்றுக்கொடுத்தல்

தமிழ் இலக்கியம் படிக்கிற எந்த மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் குழூஉக்குறிக்கு இரண்டு எடுத்துக்காட்டு சொல்லிவிடுவார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். நன்னூல் தோன்றிச் சுமார் எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் உரைகள் வழியாக வந்த இந்த இரண்டு சொற்கள் இன்றைக்கும் தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் வாங்கித் தருகின்றன. அந்த விடையை எழுதிவிட்டு வெளியே வந்து, பேருந்து ஏறி, கோயம்புத்தூரில் நகைப்பட்டறைகள் நெருங்கியிருக்கும் தெரு ஒன்றில் இறங்கி, ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருப்பவரிடம் “இப்ப நீங்க எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்ட மாணவர் அரிது. கேட்கச் சொன்ன ஆசிரியரும் அரிது.

ஒரு தொழில் செய்யும் கூட்டம் தனக்குள் வேறு விதமாகப் பேசிக்கொள்ளும், அந்தப் பேச்சுக்கும் ஒரு தகுதி உண்டு என்று இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்த மொழி நம்முடையது. தகுதி வழக்கு என்ற தலைப்பின் கீழ்தான் நன்னூல் அதை வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய இடத்தை நாம் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இளங்கலை மூன்றாமாண்டில் எங்கள் மாணவர்கள் ஒரு களஆய்வு செய்தாக வேண்டும். பெரும்பாலும் தலைப்பு முன்கூட்டியே தயாராக இருக்கும். மீனவர் வழக்குச் சொற்கள், கட்டடத் தொழிலாளர் கலைச்சொற்கள், நெசவாளர் சொல்வளம். உள்ளே திறந்தால் அட்டவணை. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். வரிசை எண் இருக்கும், அகர வரிசை இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். கொத்தனார் சித்தாளிடம் சொன்ன சொல்லா, மேஸ்திரி பொறியாளரிடம் சொன்ன சொல்லா, இருவரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து தமக்குள் சொல்லிக்கொண்ட சொல்லா என்பது அந்த அட்டவணையில் தெரியாது. கோபத்தில் சொன்னதா, கூலி கேட்கும்போது சொன்னதா என்பதும் தெரியாது. சொல்லைச் சேகரித்துவிட்டுப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1962இல் இதைத்தான் கேட்டார். மொழியியலாளர் இலக்கணத்தை எழுதுகிறார், மானுடவியலாளர் வாழ்க்கையை எழுதுகிறார், ஒரு சமூகத்தில் பேச்சு எப்படி நடக்கிறது என்பதை எழுத யாரும் இல்லையே என்றார். பேச்சு நடக்கும் இடம், பேசுபவர், நோக்கம், தொனி, கருவி, வரம்பு என்று கவனிக்க வேண்டியவற்றை எட்டு எழுத்தில் அடக்கி ஒரு வழிகாட்டியும் பின்னர் செய்துகொடுத்தார். அந்த எட்டையும் நான் முதல் நாளே கரும்பலகையில் எழுதுவதில்லை. எழுதினால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். யார் யாரிடம் பேசுகிறார், எப்போது பேசமாட்டார், அந்த இடத்தில் வாயே திறக்காமல் நிற்பது யார் என்ற கேள்விகளோடு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

டவுன் பஸ் நல்ல பள்ளிக்கூடம். தினமும் ஏறி இறங்குகிற பஸ் என்பதால் அதில் கேட்க ஒன்றுமில்லை என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். முதல் வாரம் கையில் நோட்டும் கூடாது, கைபேசியில் பதிவும் கூடாது என்பது நிபந்தனை. இரண்டாவது வாரத்தில்தான் ஒவ்வொன்றாக வெளிவரும். பஸ்ஸின் இரு முனைகளில் இருக்கும் ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசிக்கொள்கிறார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இரண்டு விசிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நேரம் ஆகிவிட்ட நாளில் சுருங்குகிறது என்றும், படியில் தொங்கும் பையன்களைப் பார்த்துவிட்டு ஊதும் விசில் நீண்டு அதட்டுகிறது என்றும் ஒரு மாணவன் எழுதிவந்தான். ‘ஸ்டேஜ்’, ‘டிரிப் கட்’, ‘பேட்டா’, ‘கலெக்‌ஷன்’ என்ற சொற்களை நடத்துநர் பயணிகளிடம் ஒருபோதும் சொல்வதில்லை, டிப்போ வாசலிலும் எதிரே வரும் பஸ்ஸின் ஜன்னலிடமும் மட்டுமே சொல்கிறார் என்றும் எழுதியிருந்தான். அட்டவணை போட்டிருந்தால் நான்கு சொல்லோடு போயிருக்கும்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவி கொண்டுவந்தது என்னை வெகுநேரம் பேசவிடாமல் செய்தது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவளுடைய ஊர்ப் பாட்டி ஒருவர் கீரைக்கூடையோடு தினமும் ஏறுபவர். முன்பெல்லாம் காசை நீட்டி, “ஒரு பஸ் ஸ்டேண்டு குடு சாமி” என்று பஸ்ஸே கேட்கக் கேட்பாராம். இப்போது ஊர்ப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்கிறாராம். நடத்துநரும் பெயரைக் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறாராம். “காசு குடுக்காததால குரல் தாழ்ந்துபோச்சுங்க ஐயா” என்றாள். பயணம் அந்தப் பாட்டிக்குப் பெரிய உதவி, அதில் ஐயமில்லை. இலவசம் என்ற ஏற்பாடு, கேட்பவரின் குரலையும் கொடுப்பவரின் குரலையும் எப்படி மாற்றுகிறது என்பதை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் பஸ்ஸில் நின்றுகொண்டே கண்டுபிடித்திருக்கிறாள். இதை எந்தக் கொள்கை அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

சமூக மொழியியல் படித்தவர்கள் வில்லியம் லபோவின் நியூயார்க் கடை ஆய்வை இந்த இடத்தில் நினைப்பார்கள். 1962இல் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போய், நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எது என்பதை முன்பே தெரிந்துகொண்டு, அது எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். பதில் ‘நான்காம் மாடி’ என்பதாகத்தான் இருக்கும். அந்த ஆங்கிலத் தொடரில் இரண்டு இடத்தில் வரும் ரகரத்தை அவர்கள் ஒலிக்கிறார்களா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பணக்காரர் போகும் கடையில் ரகரம் மிகுதி, மலிவு விலைக் கடையில் குறைவு. கூர்மையான ஆய்வு, துறையையே திருப்பிவிட்ட ஆய்வு. ஆனாலும் மாணவர்களுக்கு அதை முன்மாதிரியாக நான் வைப்பதில்லை. பதில் சொன்னவர்களுக்குத் தாம் ஆராயப்படுகிறோம் என்பது தெரியாது. வழிகேட்ட மனிதருக்கு வழி சொன்னதாகவே நினைத்துக்கொண்டு போனார்கள். முதல் களஆய்விலேயே ஒளிந்து கேட்கப் பழகியவர், பிறகு முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்கக் கூசுவார்.

ஆய்வு முறையில் எனக்கு நெருக்கமானவர் ஷெர்லி பிரைஸ் ஹீத். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இரண்டு சிறு குடியிருப்புகளில் சுமார் பத்து ஆண்டுகள் போய்வந்து பழகி, 1983இல் தன் நூலை வெளியிட்டார். ஒன்று கறுப்பினத்தவரின் குடியிருப்பு, மற்றது வெள்ளையரின் குடியிருப்பு. அவற்றுக்கு டிராக்டன், ரோட்வில் என்று புனைபெயர் வைத்தார். டிராக்டன் குழந்தைகள் வீட்டில் வாயாடிகள், பள்ளியில் ஊமைகள். ஆசிரியர்கள் அவர்களை மந்தம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஹீத் அதன் காரணத்தைக் கேள்விகளில் கண்டார். ‘இது என்ன நிறம்?’, ‘இதன் பெயர் என்ன?’ என்று ஆசிரியர் கேட்கிறார். அவருக்கு விடை தெரியும். விடை தெரிந்தவர் எதற்காகக் கேட்கிறார் என்று அந்தக் குழந்தைக்கு விளங்கவில்லை. அதன் வீட்டில், தெரியாததைத்தான் கேட்பார்கள். இல்லாவிட்டால், ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்று கேட்பார்கள், அதற்குக் குழந்தை கதையே சொல்லும்.

இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர்கள் சிலர், குழந்தைகள் வாழும் பகுதியின் புகைப்படங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து, ‘இங்கே என்ன நடக்கிறது? நீ இங்கே போயிருக்கிறாயா?’ என்று தொடங்கினார்கள். வாய்கள் திறந்துகொண்டன. பள்ளியின் கேள்விகளை அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பழக்கினார்கள். இன்னொரு வகுப்பில் சிறுவர்களே ஆய்வாளர்களானார்கள். தங்கள் பகுதியில் பயிர் வைப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி, அறிவியல் புத்தகம் சொல்வதோடு ஒப்பிட்டார்கள். வீட்டின் பேச்சும் புத்தகத்தின் பேச்சும் ஒரே பொருளை இரண்டு விதமாகச் சொல்வதை அவர்களே பார்த்தார்கள்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் நம் வகுப்பறைகள்தான் என் கண்முன் வருகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறைய. முதலாண்டில் அவர்கள் வாயைத் திறந்தால் திருத்துகிறோம். ‘அங்கிட்டு’ என்றால் சிரிப்பு, ‘ஏனுங்க’ என்றால் சிரிப்பு. வீட்டுப் பேச்சைத் துடைத்துவிட்டு வந்தால்தான் தமிழ் படித்ததாக அர்த்தம் என்று இரண்டு ஆண்டுகள் கற்பிக்கிறோம். மூன்றாமாண்டில் அதே பிள்ளைகளிடம், “போய் மக்கள் வழக்கைச் சேகரித்து வா” என்று அனுப்புகிறோம். தங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டியதை அவர்கள் அடுத்த ஊரில் யாரிடமோ கேட்டு வருகிறார்கள். அம்மாவின் பேச்சு ஆய்வுக்கு உரியது என்ற எண்ணமே அவர்களிடம் மிஞ்சவில்லை. இதற்கு மாணவர்கள் பொறுப்பல்ல.

சாதியைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் இந்த ஆய்வைக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் தமிழிலும் துளுவிலும் சாதிக்கேற்ப மொழி எப்படி மாறிவந்திருக்கிறது என்று அறுபதுகளின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். அதற்கும் முன்பு, 1958இல், ஜான் கம்பர்ஸ் உத்தரப் பிரதேசத்தின் கலாப்பூர் என்ற கிராமத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. அங்கே தீண்டத்தகாதவராக நடத்தப்பட்ட மக்கள் மேல்சாதியாரின் வயலிலும் வாசலிலும் நாள் முழுக்க வேலை செய்தார்கள். நாள் முழுக்கப் பேச்சும் கேட்டார்கள். ஆனாலும் அவர்களுடைய பேச்சு தனியாகவே நின்றது. வேலைத்தொடர்பு எவ்வளவு இருந்தாலும் பேச்சு கலக்கவில்லை. உட்கார்ந்து வம்பளக்கும் நட்பு எங்கே இருந்ததோ அங்கேதான் பேச்சு கலந்தது. இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாள், “நம்ம கேண்டீன்ல யார் யார் கூட உக்காந்து சாப்பிடறாங்க, வரைஞ்சு பாக்கலாமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். வரைந்தார்கள். அந்தப் படத்தை நான் சுவரில் ஒட்டவில்லை. வரைந்தவர்கள் ஒருவரும் அதைப் பற்றி உரக்கப் பேசவுமில்லை. ஆனால் அந்த வகுப்பில் பேச்சின் போக்கே அதன்பின் மாறியது.

இனிச் சொல்லப்போகும் மாணவி தன் அப்பாவின் தொழிலை விண்ணப்பத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தாள். தலைப்புத் தேடும் நாட்களில் ஒருமுறை தயங்கித் தயங்கி, “அப்பா மாட்டுத் தரகருங்க ஐயா, அதச் செய்யலாங்களா?” என்றாள். செய்யலாமா என்ற கேள்வியில் வெட்கம் இருந்தது. கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை கூடும் மாட்டுச் சந்தைக்கு அவள் சிறுமியாக இருந்தபோது போனதோடு சரி. வயதுக்கு வந்தபின் கூட்டிப்போகவில்லை. ஆய்வுக்காக மறுபடி போனாள், அப்பாவுக்கு இரண்டடி பின்னால் நோட்டோடு.

சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போடுவார். துண்டுக்குள் விரல்கள் விரல்களைப் பிடிக்கும். வெளியே நிற்கிற யாருக்கும் எந்த விரல் என்று தெரியாது. எல்லோரும் எழுதுகிற பகுதி இதுவரைதான். அவள் அதோடு நிற்கவில்லை. கை துண்டுக்குள் ஒரு விலை கேட்டுக்கொண்டிருக்கையில் வாய் என்ன செய்கிறது என்று கவனித்தாள். வாய் மழையைப் பற்றிப் பேசியது. தீவன விலையைப் பற்றிப் பேசியது. சில சமயம் சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, “அட அதெல்லாம் கட்டாதுங்க” என்று முகத்தைத் திருப்பியது, கை அப்போதும் பிடியை விடவில்லை. வாயின் பேச்சு கூட்டத்துக்கு, கையின் பேச்சு ஆளுக்கு. ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல்.

ஒரு விரல் என்றால் ஆயிரமா, பத்தாயிரமா? அப்பாவிடம் கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். “விரல அஞ்சு நிமிசத்துல சொல்லிக் குடுத்தர்லாம் அம்மிணி. மாட்டப் பாக்கத் தெரியாதவனுக்கு விரல் எதுக்கு?” மாட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, எட்டுப் பல்லா என்று பார்ப்பது, தலை ஈத்தா இரண்டாம் ஈத்தா என்று மடியைப் பார்த்துக் கணிப்பது, சுழி சுத்தமா என்று முதுகைத் தடவுவது, எல்லாம் துண்டு விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விலை எந்த வட்டத்துக்குள் நிற்கும் என்று இருவருக்கும் அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. ஒரு கூட்டத்தின் பேச்சு சிறிதாக இருப்பதற்குக் காரணம், பேசாமலே அவர்கள் பகிர்ந்துகொண்டிருப்பது அவ்வளவு பெரிதாக இருப்பதுதான். தகவல் தொடர்பு பற்றிய எத்தனையோ பாடநூல்கள் சுற்றிவளைத்துச் சொல்வதை அந்தத் தரகர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

யார் பேசாமல் நிற்கிறார் என்ற கேள்வியையும் அவள் மறக்கவில்லை. மாட்டை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பால் எவ்வளவு கறக்கும், கன்றை எப்படிச் சேர்க்கும், எந்தக் கையை உதைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். துண்டுக்குள் அவர்கள் கை போவதில்லை. சற்றுத் தள்ளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் பேரம் முடியும் தறுவாயில் அப்பா ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுக்கிறார் என்று அவள் கண்டாள். அந்தப் பெண் தலையசைப்பதுகூட இல்லை. கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினால் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொள்கிறார். “அப்படி ஒரு குறி இருக்குன்னு அப்பாவுக்கே நான் சொல்லித்தான் தெரிஞ்சுது” என்று எழுதியிருந்தாள்.

தரகர்கள் தமக்குள் எண்களுக்கு வேறு சொற்களும் வைத்திருக்கிறார்கள். அப்பா அவற்றை மகளுக்குச் சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார். பத்துக் குடும்பங்கள் பிழைக்கிற சொற்கள், புத்தகத்தில் ஏறினால் சந்தையில் செத்துவிடும் என்பது அவர் கணக்கு. அவள் எழுதவில்லை. அந்த இடத்தில், சில சொற்கள் உண்டு, சொன்னவரின் விருப்பப்படி அவை இங்கே தரப்படவில்லை என்று மட்டும் குறிப்பிட்டாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். சொற்பட்டியல் எங்கே, சொல்லே இல்லாமல் இது என்ன குழூஉக்குறி ஆய்வு என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். என் கணிப்பில் அந்த ஆய்வேட்டின் ஆகச் சிறந்த பக்கம் அதுதான். தனக்கு நம்பிச் சொல்லப்பட்டது எது, ஊருக்குச் சொல்லக் கொடுக்கப்பட்டது எது என்று பிரித்தறியத் தெரிந்திருந்தது அவளுக்கு. முனைவர் பட்டம் வாங்கியவர்களிடமே அரிதாக இருக்கும் தெளிவு அது.

சொற்பட்டியலும் உயிரோடு இருக்க முடியும். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார், பின்னர் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு ஒன்று செய்தார். இருவரும் அந்தந்த மண்ணில் பிறந்து அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவர்கள். அவை அகராதியாக இருந்தும் உயிரோடு இருப்பதற்கு, தொகுத்தவருக்கு ஒவ்வொரு சொல்லோடும் அதைச் சொன்ன வாயும் தெரியும் என்பது முதல் காரணம் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகங்கள் இப்படித் தொகுப்பதை ஒரு தனிமனித ஆர்வமாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டன. மாணவரைப் பழக்கும் முறையாக அதை எடுத்துக்கொள்ளவில்லை.

களஆய்வு வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இந்த ஆண்டு தலைப்புக் கொடுப்பதற்கு முன், உன் வீட்டில் என்ன தொழில், அங்கே எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேளுங்கள். விடை தெரியாமல் கேளுங்கள். சொற்பட்டியலைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள், சொல்லக் கூடாதென்று அவர்கள் விட்டுவைத்த இடத்துக்கும் மதிப்பெண் போடுங்கள். ஏட்டைக் கட்டுவதற்குக் கொடுக்குமுன், அதில் பேசியிருப்பவர்களிடம் ஒருமுறை முழுவதும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அவர்கள் அடிக்கச் சொன்ன வரிகளை அடித்துவிட்டு வரட்டும்.